பதினான்கு விநாடிக் குட்டி

அந்தக் குட்டி போய் எழுபது நாள் ஆகிவிட்டது. ஆனால் அதன் குரலுக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைஜெயந்தி கண்டுபிடித்தது, ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், பால் கறக்க உட்கார்ந்தபோது.

முதலில் அவள் நம்பவில்லை. கொட்டகைத் தூணில் கட்டியிருந்த போனை உருவினாள். முந்தானையால் துடைத்தாள். வீடியோவை மறுபடி ஓட்டினாள்.

பதினான்கு விநாடி. வெள்ளை வெளேரென்று உப்பளம். வரப்பின்மேல் பிறந்து இருபதே நாளான பொட்டைக் குட்டி. நெற்றியில் கறுப்பாக ஒரு தீற்றல். அளவுக்கு மீறி நீண்ட காதுகள் காற்றில் ஆடுகின்றன. அது வாயைத் திறந்து தாயைக் கூப்பிடுகிறது. நாலு தடவை.

படம் அதேதான். குரல்தான் வேறு. சில்லென்று காதைக் கிழிக்கும் குரல் போய், தொண்டை தடித்த ஒரு குரல். நாலாவது கத்தலில் குட்டி வாயை மூடிவிட்டது. குரல் அதற்கப்புறமும் கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் நின்றது.

வைஜெயந்தி போனை மறுபடி தூணில் கட்டினாள்.

தாய் ஆடு வெள்ளச்சி மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் காதை முன்னால் தள்ளி, மடியைத் தளர்த்திக்கொடுத்தது. பால் சொம்பில் சர்ர் சர்ர் என்று இறங்கியது.

*

மரக்காணத்திலிருந்து கூனிமேடு போகும் ரோட்டில், உப்பளத்து முதல் வரப்பை ஒட்டி இருந்தது அந்த முப்பது சென்ட் நிலம். ஓட்டு வீடு ஒன்று, கீற்றுக் கொட்டகை ஒன்று, பதினோரு கறவை ஆடுகள். தலச்சேரியும் ஜமுனாபாரியும் கலந்த இனம். எந்தப் பொட்டையை எந்தக் கெடாவுக்கு விட்டால் மடி எப்படி இறங்கும் என்று எட்டு வருஷம் பார்த்துப் பார்த்து வைஜெயந்தி சேர்த்த பட்டி. பாலைப் பாண்டிச்சேரியில் சீஸ் செய்பவர்கள் தினமும் வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டார்கள்.

பட்டியின் உச்சம் வெள்ளச்சி. வெள்ளச்சியின் உச்சம் அந்தக் குட்டி. சிட்டு என்று பெயர் வைத்திருந்தாள். அப்படி ஒரு காதும் முதுகும் எட்டு வருஷத்தில் விழுந்ததில்லை.

பொங்கல் முடிந்த வாரம், படலில் இருந்த சந்து வழியாக சிட்டு வெளியே போய் உப்பள வரப்பில் ஏறி நின்று கத்தியது. வைஜெயந்தி பின்னாலேயே போனாள். கையை நீட்டினால் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. வெள்ளைப் பின்னணியில் குட்டி அவ்வளவு அழகாக இருந்தது. ஸ்டேட்டஸ் போடலாமென்று போனை எடுத்தாள். பதினான்கு விநாடி எடுத்து முடிக்கவும் வீட்டுக்குள் குக்கர் விசில் அடிக்கவும் சரியாக இருந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

வரப்பு காலியாக இருந்தது.

பாத்தியில் படிந்திருந்த ஈர உப்பின்மேல் சின்னச் சின்னக் குளம்படிகள். நேராக நடுப்பாத்தி வரைக்கும் போயிருந்தன. அங்கே நின்றுவிட்டன. திரும்பி வந்த தடம் இல்லை. நாய்த் தடம் இல்லை. ரத்தம் இல்லை. அவள் புருஷன் தட்சணாமூர்த்தி, உப்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவன், கூட வேலை செய்யும் நாலு பேரைக் கூட்டிவந்து பாத்தித் தண்ணீரையே வடித்துப் பார்த்தான். ஒரு மயிர்கூடக் கிடைக்கவில்லை.

குட்டி போன அன்றிலிருந்து வெள்ளச்சி பாலை அடக்கிக்கொண்டு சொரப்பு விடவில்லை. மடி கல்லாக இறுகியது. கை வைத்தால் உதைத்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வைஜெயந்தி போனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். வீடியோவில் சிட்டு கத்தியது. பொத்தென்று அவள் பாதத்தில் ஏதோ சூடாக விழுந்தது.

பால். கை படாமலே காம்பு இரண்டிலும் தானாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து வேளைக்கு ஒரு தடவை போனைத் தூணில் கட்டுவதும் கறப்பதும் வழக்கமாகிப்போனது. தட்சணாமூர்த்தி வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டே சிரித்தான்.

"செத்ததை வச்சு உசுரோட இருக்கிறதை ஏமாத்துற. நல்லா வருவமே நீ."

"நீ போய் வாயக் கொப்புளியா."

"எத்தினி நாளைக்கு ஏமாத்துவ? ஒரகடத்துல செக்யூரிட்டி வேலைக்கு ஆள் கேட்டுனே இருக்கான். ரூம் குடுக்கிறான். இந்த உப்புக் காத்துல கெடந்து இன்னாத்த கண்டோம்?"

"என் ஆட்டை அந்த ரூம்ல கட்ட வுடுவானா?"

"வுட மாட்டான். அதான் சொல்றேன். வெள்ளச்சி மடி வத்துற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. வத்துற அன்னிக்கு மொத்தப் பட்டியையும் சந்தைக்கு ஏத்திட்டுக் கெளம்புறோம். சரியா?"

"சரி."

சரி என்று சொன்னபோது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மற்ற ஆடுகள் நாலு மாதத்தில் வற்றிவிடும். வெள்ளச்சி ஆறு மாதம் தாங்கினாலே அதிகம்.

*

"ஸ்பீக்கர்ல உப்பு பூந்துருக்கும்" என்றான் தட்சணாமூர்த்தி, குரல் மாறியதைப் பற்றி அவள் சொன்னதும். தன் போனுக்கு வீடியோவை அனுப்பச் சொன்னான். அனுப்பினாள். அவன் போனிலும் அதே தடித்த குரல். அவன் போனைக் காதோடு வைத்துக் கேட்டான். பிறகு அந்த வீடியோவை அழித்துவிட்டு லாரிக்குப் போய்விட்டான்.

அந்த வாரமே குடற்புழு மருந்து கொடுக்கக் கால்நடை டாக்டர் கீதாஞ்சலி வந்தார். சின்னப் பெண். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டைத் தடவி வயது சொல்லக்கூடியவர். அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது வைஜெயந்தி முதுகுக்குப் பின்னால் போனை மறைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டினாள்.

டாக்டர் திரும்பாமலே சொன்னார். "மூணு மாசக் குட்டியாச்சே இது. இன்னுமா பால் மறக்கடிக்கல? தாயைப் போட்டு உறிஞ்சிடும்மா."

வைஜெயந்தி போனை அணைத்தாள். சிட்டு உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அதற்குச் சரியாக மூன்று மாதம்.

பால் மறக்கடிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். குட்டியின் வாய்க்குக் கூடு கட்டலாம், தனியாகப் பிரித்து அடைக்கலாம். குரலுக்கு எங்கே கூடு கட்டுவது?

அப்படி ஒரு எண்ணம் வந்ததே தவிர, அவள் வீடியோவை நிறுத்தவில்லை. காரணம் எளிது. மே மாதம் மற்ற பத்து ஆடுகளும் ஒவ்வொன்றாக வற்றின. ஜூனில் வெள்ளச்சி மட்டும் வேளைக்கு ஒன்றேகால் லிட்டர் கறந்தது. குறையவில்லை. சொல்லப்போனால் கூடியது. தட்சணாமூர்த்தி தினமும் சொம்பை எட்டிப் பார்ப்பான். வாயைத் திறக்க மாட்டான். கொடுத்த வாக்கு அப்படி.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னான். "திண்டிவனத்துல கறவை ஆட்டுப் போட்டி போடறாங்களாம். அங்க இட்னு போய் நாலு பேர் முன்னாடி கறந்து காட்டு. ஒரு வேளை வெள்ளச்சி ஏமாத்திட்டான்னு வையி, அங்கேர்ந்தே லாரிக்கு போன் போட்டுருவேன்."

"போடு. நானும் பாக்குறேன்."

*

ஜூலை ஐந்தாம் தேதி. மைதானத்தில் சாமியானா. இருபத்திரண்டு ஆடுகள். முந்தின நாள் சாயங்காலமே எல்லா மடியையும் நடுவர்கள் முன்னிலையில் ஒட்டக் கறந்து காலி செய்துவிட்டார்கள். மறுநாள் காலையும் மாலையும் கறப்பதுதான் கணக்கு. அளக்கிறவர் டாக்டர் கீதாஞ்சலி.

காலை கறவையில் வெள்ளச்சி ஒன்றரை லிட்டர். தூணில் தொங்கிய போனைப் பார்த்துப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"இன்னாக்கா, ரீல்ஸ் பாத்தாத்தான் பால் குடுக்குமா உன் ஆடு?" என்றான் அந்தோணிசாமி. வந்தவாசி ரோட்டில் பெரிய பண்ணை வைத்திருப்பவன். கெடா கண்காட்சிக்கு அவன் கொண்டுவந்திருந்த ஜமுனாபாரிக் கெடா எதிர் வரிசையில் இரட்டைச் சங்கிலியில் நின்றது. குதிரைக்குட்டி உயரம்.

"உன் ஆடு உன் மூஞ்சியைப் பாத்தே குடுக்குதே, அதைவிடவா?" என்றாள் வைஜெயந்தி. அவனும் சேர்ந்து சிரித்தான்.

அன்று நிறையப் பேர் அவளிடம் வந்து பேசினார்கள். எந்த வயதில் பொட்டையைக் கெடாவுக்கு விடலாம் என்று புதிதாகப் பண்ணை தொடங்கிய ஒருத்தர் கேட்டார். அவள் படபடவென்று சொன்னாள். "ஆறு மாசத்துலயே கெடா தேடிக் கத்தும். வுட்றாதீங்க. மொத ரெண்டு தபா தாண்டிப் போகட்டும். ஒடம்பு தேறணும். பிஞ்சுல ஏத்திட்டா குட்டி வெளிய வராது, தாயும் தங்காது. அது பாவங்க. கொலைக்குச் சமானம்."

மாலை நாலரை. அந்தோணிசாமியின் ஆடு மொத்தம் இரண்டேமுக்கால் லிட்டருடன் முன்னால் நின்றது. வெள்ளச்சிக்கு ஒன்றேகாலுக்குமேல் ஒரு மடக்கு தேவை. கூட்டம் கயிற்றை ஒட்டி நெருக்கியது. தட்சணாமூர்த்தி முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

வைஜெயந்தி சொம்பை முழங்காலுக்கிடையில் வைத்தாள். வீடியோவைத் தட்டினாள்.

வந்தது தாயைக் கூப்பிடும் கத்தல் இல்லை.

அடிவயிற்றிலிருந்து எழும்பி, நீண்டு, முடிவில் நடுங்கும் கத்தல். விடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆடு வளர்க்கிற யாருக்கும் அதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்த பொட்டை, கெடா தேடிக் கத்துகிறது.

திரையில் இருபது நாள் குட்டி வரப்பில் நின்றுகொண்டிருந்தது.

அவள் கட்டைவிரல் திரையை நோக்கிப் போனது. அணைத்துவிடலாம். ஒரே ஒரு தட்டு. வெள்ளச்சியின் மடி இன்னும் இறங்கவில்லை. அவள் நிமிர்ந்தாள். புருஷன் சட்டைப் பையிலிருந்து போனை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் விரல் பின்வாங்கியது. வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடியது.

எதிர் வரிசையில் சங்கிலி அறுந்தது.

"ஏய், புடி! புடிறா!" அந்தோணிசாமி கத்திக்கொண்டே ஓடிவந்தான். கூட்டம் பிளந்தது. கெடா நாலே எட்டில் வெள்ளச்சியின் கொட்டிலுக்கு வந்துவிட்டது. போனைச் சீண்டவில்லை. வெள்ளச்சியைச் சீண்டவில்லை. வெள்ளச்சியின் தோளுக்குப் பக்கத்தில், வெறும் மண்ணாக இருந்த இடத்தில் வந்து நின்றது. மூக்கைத் தாழ்த்தி மோந்தது. மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டி வானத்தைப் பார்த்தது. முன்னங்காலால் காற்றை மெல்லத் தட்டியது.

பிறகு ஏறியது.

முன்னங்கால் இரண்டும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஒன்றுமே இல்லாத ஒன்றின்மேல் நின்றன. ஒரு நொடி. இரண்டு நொடி. அவ்வளவு பெரிய உடம்பு விழவில்லை.

காலையில் சிரித்தவர்கள் கயிற்றை விட்டுப் பின்வாங்கினார்கள்.

கெடா இறங்கியது. வந்த வேலை முடிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு அமைதியாக நின்றது. அந்த நொடியில் வெள்ளச்சியின் மடி இறங்கியது. வைஜெயந்தியின் கைகள் தாமாகக் கறந்தன. சர்ர் சர்ர். மைதானத்தில் வேறு சத்தமே இல்லை.

ஒன்றேமுக்கால் லிட்டர்.

ஷீல்டு வாங்கிக்கொண்டு வண்டியில் ஆட்டை ஏற்றும்போது அந்தோணிசாமி வந்தான்.

"யக்கா, அந்த எடத்துல இன்னாத்தைக் கட்டி வச்சிருந்த?"

"ஒண்ணும் இல்லப்பா. நீதான் பாத்தியே."

"பன்னெண்டு வருஷ அனுபவத்துல நான் பாத்ததுலயே எங்கெடாதான் கெட்டிக்காரன். பொட்டை இல்லாத எடத்துல ஏற மாட்டான். ஏறுனா வீண் போகாது." அவன் குரலைத் தாழ்த்தினான். "பாத்து வச்சுக்க. அவ்ளோதான் சொல்வேன்."

வீடு வந்து சேர்வதற்குள் அவள் விரல்விட்டு எண்ணி முடித்திருந்தாள். ஆட்டுக்குச் சினைக் காலம் நூற்றைம்பது நாள். டிசம்பர் இரண்டு.

*

ஷீல்டைத் தட்சணாமூர்த்தியே ஆணி அடித்து மாட்டினான். ஒரகடம் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் வெள்ளச்சி வற்றுகிற அன்றைக்கு என்ற வாக்கு அப்படியே நின்றது.

சினை பிடிக்காத பொட்டை இருபத்தோராம் நாள் மறுபடி கெடா தேடிக் கத்தும். ஜூலை இருபத்தாறாம் தேதி காலையில் வைஜெயந்தி போனைத் தூணில் கட்டிவிட்டுக் காத்திருந்தாள். கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கத்தவில்லை. சாந்தமான, கொஞ்சம் கனத்த ஒரு குரல் நாலு தடவை வந்தது.

போட்டி மைதானத்தில் தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. கொலைக்குச் சமானம். தெரியாமல் செய்யவில்லை. அன்றைய கத்தலின் அர்த்தம் முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. அணைக்க நேரமும் இருந்தது.

ஆகஸ்டிலிருந்து வெள்ளச்சியின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பிடி கடலைப் புண்ணாக்கும் ஊறவைத்த கொள்ளும் தனியாக வைக்க ஆரம்பித்தாள். சினைக்கு வைப்பதுபோல. காலையில் இருக்காது. வெள்ளச்சிதான் தின்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அக்டோபரில் குரலோடு மூச்சும் கேட்டது. நவம்பரில் நாலு கத்தல் இரண்டாகக் குறைந்தது. வயிறு பெருத்த ஆடு அதிகம் பேசாது.

பதினோரு மாதமாக வற்றாத மடியை டாக்டர் கீதாஞ்சலி வந்து அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எனக்குப் புரியலம்மா. ஆனா நல்லாத்தான் இருக்குது."

*

டிசம்பர் இரண்டு. கடலில் புயல் சின்னம். விடிந்ததிலிருந்து மழை. உப்பளம் முழுக்க ஒரே தண்ணீராகி, வரப்பு எது பாத்தி எது என்று தெரியவில்லை. தட்சணாமூர்த்திக்கு வேலை இல்லை.

மழையில் தள்ளிப்போன காலைக் கறவைக்கு, பதினோரு மணிக்கு வைஜெயந்தி போனைத் தட்டினாள். கத்தல் வரவில்லை. நறநறவென்று பல் கடிக்கும் சத்தம். பிறகு நீளமான ஒரு முக்கல்.

அவள் ஓடினாள். காய்ந்த வைக்கோலை அள்ளிவந்து வெள்ளச்சியின் பக்கத்தில் பரப்பினாள். வெந்நீர், விளக்கெண்ணெய், தொப்புளுக்கு வைக்க டிங்சர், பழைய கைலித் துணி. தட்சணாமூர்த்தி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தான்.

"யாருக்குமே பிரசவம்? நம்ம பட்டியில ஒண்ணுகூட செனை இல்லியே."

"வெளிய நில்லுய்யா."

"பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"வெளிய நில்லுன்னு சொல்றேன்ல!"

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

வீடியோவில் விநாடி எண்கள் ஓடின. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. நிற்கவில்லை. பதினைந்து. முப்பது. ஒரு நிமிஷம். திரையில் வரப்பு மட்டும் இருந்தது. குட்டியைக் காணவில்லை. முக்கல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. அரை மணி நேரம். முக்கால் மணி நேரம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலவீனமாக.

அவள் வாசலுக்குக் கையை நீட்டினாள். "ஒன் போனைக் குடு." டாக்டர் கீதாஞ்சலியைக் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா, ஒரு பொட்டைங்க. முக்கி முக்கிப் பாக்குது, ஒண்ணும் வரல. சின்ன ஒடம்பு. ஆறு மாசத்துல கெடா ஏறிடுச்சு."

"ஆறு மாசத்துலயா? ஏம்மா, ஊருக்கெல்லாம் சொல்றவ நீ. நீயா இப்படிப் பண்ணே?"

வைஜெயந்தி விளக்கெண்ணெயைக் கிட்டே இழுத்து வைத்தாள்.

"சரி விடு. ரோடெல்லாம் தண்ணி, என்னால இப்ப வர முடியாது. நல்லா எண்ணெய் தடவிக் கையை விட்டுப் பாரு. ஒரு கால் மடங்கியிருக்கும். உள்ள தள்ளி, நிமித்திட்டு, அது முக்கும்போது மட்டும் இழு. எந்த ஆடு இது? காதுல இருக்கிற டேக் நம்பர் சொல்லு, எழுதிக்கிறேன்."

"டேக் போடலீங்க" என்றாள் வைஜெயந்தி. "போடறதுக்குள்ள…"

மழை இரைச்சலில் லைன் அறுந்தது.

தூணில் இருந்த போன் அதே நேரத்தில் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. திரை கறுத்தது.

முக்கல் நிற்கவில்லை.

அது இப்போது தூணிலிருந்து வரவில்லை. கீழே, வைக்கோலிலிருந்து வந்தது.

மற்ற பத்து ஆடுகளும் எழுந்து சுவரோரம் ஒதுங்கின. வெள்ளச்சி மட்டும் தலையைத் தாழ்த்தி வைக்கோலுக்கு மேலே காற்றை நக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஓரிடத்தில், ஒரு நெற்றியின் அகலத்துக்கு.

வைஜெயந்தி முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு மண்டியிட்டாள். கண்ணை மூடினாள். முக்கல் வரும் திசையில் கையை நீட்டினாள். எட்டு வருஷத்தில் நூறு தடவை செய்த வேலை. கைக்கு வழி தெரியும்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு சூடு. பிறகு வழுவழுப்பாக, விரல் நுனியில், ஒரு சின்னக் குளம்பு.

ஒன்றுதான் இருந்தது. அவள் தள்ளினாள். தேடினாள். மடங்கிய முட்டியைக் கண்டுபிடித்து நிமிர்த்தினாள்.

"சிட்டு… இன்னும் ஒரு தபா. ஒரே ஒரு தபா கண்ணு."

முக்கியது. இழுத்தாள். கழுத்து நரம்பு தெறிக்க இழுத்தாள். ஏதோ நழுவி வைக்கோலில் விழுந்தது. வைக்கோல் பள்ளமானது. கொட்டகை முழுக்கப் பனிக்குடத்து வாடை.

மழை சத்தம் மட்டும்.

பிறகு சில்லென்று காதைக் கிழிக்கும் ஒரு கத்தல். பிறந்து சில நொடிகளான குரல்.

வைஜெயந்தி இன்னொரு குரலுக்காகக் காத்திருந்தாள். குட்டி போட்டதும் தாய் அடித்தொண்டையில் முனகுமே, அந்தக் குரலுக்கு. வைக்கோலில் தடவிப் பார்த்தாள். அவள் கைக்குக் கீழே இருந்த சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. எவ்வளவு நேரம் போனாலும் அந்த முனகல் வரவில்லை.

"கெடாவா, பொட்டையா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். தட்சணாமூர்த்திதான் கேட்டிருந்தான். பட்டியில் ஒவ்வொரு குட்டி விழும்போதும் வாசலில் நின்று அவன் கேட்கிற கேள்வி. சாக்கு தலையிலிருந்து நழுவி மழையில் கிடந்தது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"பொட்டை" என்றாள்.

"தாயி?"

அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். அழுகை அப்போதுதான் வந்தது.

கத்தல் நகர்ந்தது. வைக்கோல் சரசரத்தது, தடுமாறித் தடுமாறி. வெள்ளச்சி திரும்பி நின்று பின்னங்காலை அகட்டியது. ஒரு காம்பு தானாக இழுபட்டு நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. சப்புச் சப்பென்று சத்தம். பதினோரு மாதம் வற்றாத மடி அவர்கள் கண்ணெதிரே ஒரு பக்கம் தொய்ந்து இறங்கியது.

காலைக் கறவை இன்னும் பாக்கி. சொம்பில் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை.

வைஜெயந்தி புருஷனைப் பார்த்தாள். அவன் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வற்றுகிற அன்றைக்கு என்று அவன் சொன்ன நாள் இதுதானா என்று இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். அவள் பழக்கத்தில் சொம்பை எடுத்தாள். மிச்சமிருக்கும் மறுகாம்பிலாவது கறந்து காட்டிவிடலாம் என்று கையை நீட்டினாள்.

தட்சணாமூர்த்தி உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"குடிக்கட்டும் விடுமே" என்றான்.

வைஜெயந்தி சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.